குப்பி கழுவ வந்த பிரிட்ஜஸ்

விலங்கியல் பயின்ற எவருக்கும் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பெயர் தெரியும். பழ ஈக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, பாரம்பரியத்தின் இரகசியம் குரோமோசோமில் இருப்பதை மெய்ப்பித்து, 1933ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். நம் கல்லூரி மலருக்கு ஓர் அறிவியலாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பழைய மாணவனாகிய என்னைக் கேட்டவர்கள், மார்கனைப் பற்றியே எழுதுவேன் என்று எண்ணியிருக்கக்கூடும். ஆனால் என் மனம் நாடியது, அந்த மார்கனின் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு மாணவரை. கால்வின் பிளாக்மன் பிரிட்ஜஸ் என்பது அவர் பெயர். மரபியல் பாடநூலில் மூன்று நான்கு இடங்களில் வருவார். தேர்வு முடிந்ததும் நம் நினைவை விட்டுப் போய்விடுவார்.

அவர் என் நினைவை விட்டுப் போகாததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டிலேயே என் தந்தையார் காலமாகிவிட்டார். காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு ஆண்டுகள் துணி மடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கையின் திருமணம் முடிந்து, 1973இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 20. அரும்பு மீசைப் பிள்ளைகளுக்கு நடுவே முழு மீசையுடன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் என்னை ஆசிரியர் என்று எண்ணி ஒரு மாணவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னதும் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்க நாணுவேன். இத்தனை வயதாகியும் இது தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். பின்னர்ப் பட்ட வகுப்பில் மரபியல் நடத்திய பேராசிரியர் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு மாலை செய்முறை வகுப்பு முடிந்து எல்லோரும் சென்றபின், உயர்நிலைப் பள்ளியை 20 வயதில்தான் முடித்த ஒருவர் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதை எனக்கு ஒரு மணி நேரம் நின்றுகொண்டே சொன்னார். அன்று கேட்டதையும், பின்னர் நானே ஆசிரியராகிப் பல ஆண்டுகளில் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிரிட்ஜஸ் பிறந்தது 1889ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் ஷுய்லர் ஃபால்ஸ் என்னும் சிற்றூர். இரண்டு வயதில் தாயை இழந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். பேரனை வளர்த்து ஆளாக்கியவர் தந்தையைப் பெற்ற பாட்டி. பள்ளிப்படிப்பு ஒழுங்காக அமையவில்லை. 14 வயது வரை முறையான கல்வி அவருக்கு எட்டவில்லை. பிளாட்ஸ்பர்க் நகரின் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தபோது வயது 20 ஆகிவிட்டது. ஆயினும் உதவித்தொகை கிடைத்தது. 1909இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார்.

அந்த ஆண்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மார்கன் கொலம்பியாவில் 24 ஆண்டுகள் பணியாற்றினார். அத்தனை ஆண்டுகளிலும் ஒரே ஒருமுறைதான் தொடக்க வகுப்பு மாணவர்களுக்கு விலங்கியல் பாடம் எடுத்தார். அது 1909ஆம் ஆண்டு. அந்த வகுப்பில் இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் ஆல்பிரட் ஸ்டர்டெவன்ட். குரோமோசோமில் ஜீன்கள் எந்த வரிசையில், எவ்வளவு தொலைவில் அமைந்துள்ளன என்பதற்கு முதல் வரைபடம் தந்தவர். மற்றவர் நம் பிரிட்ஜஸ். ஓராண்டு முன்னோ பின்னோ வந்திருந்தால் அந்த வாசல் இவர்களுக்குத் திறந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மார்கனின் ஆய்வு அறை, உலகப் புகழ்பெற்ற ஈ அறை, நீளம் 23 அடி, அகலம் 16 அடி. நம் செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறையே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் எட்டு மேசைகள். மூலையில் வாழைப்பழத் தார். சுவரெங்கும் பால் குப்பிகளில் ஈக்கள். 1910இல் சிவந்த கண்ணுடைய ஈக்களிடையே வெண்மையான கண்ணுடைய ஆண் ஈ ஒன்று அங்கே தோன்றியது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று. கையில் காசில்லாத பிரிட்ஜஸ் வேலை கேட்டபோது, பயன்படுத்திய குப்பிகளைக் கழுவும் வேலையை மார்கன் கொடுத்தார்.

கழுவ எடுத்த குப்பி ஒன்றில் ஈக்கள் எஞ்சியிருந்தன. தடித்த கண்ணாடி, உள்ளே பழக்கூழின் அழுக்கு. அதன் ஊடே, உருப்பெருக்கி ஏதுமின்றி வெறுங்கண்ணால் பார்த்த பிரிட்ஜஸ், ஓர் ஈயின் கண் மற்றவற்றைப் போல் அடர்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற செந்நிறமாக இருப்பதைக் கண்டார். அந்த ஈயின் உடலே இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர். அதில் கண் எத்தனை! அதில் சிவப்புக்கும் சிவப்புக்கும் வேற்றுமை! இதுவே வெர்மிலியன் என்று இன்றும் பாடநூல்களில் உள்ள சடுதி மாற்றம். மார்கன் அவரைக் குப்பி கழுவுவதிலிருந்து விடுவித்து ஆய்வில் சேர்த்துக்கொண்டார். அந்தக் குழுவில் ஸ்டர்டெவன்ட் கணக்கில் வல்லவர், முல்லர் கருத்தில் வல்லவர். கண்ணில் வல்லவர் பிரிட்ஜஸ். கைலென்ஸ் வைத்து ஈ எண்ணிக்கொண்டிருந்த அறைக்கு இருகண் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தவரும், ஈக்களுக்கு ஒரே சீரான உணவையும் வெப்பத்தையும் ஏற்பாடு செய்தவரும் அவரே.

மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய அவருடைய பணி ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வெண்கண் பெண் ஈயைச் செங்கண் ஆண் ஈயோடு கலந்தால், மகள்கள் எல்லாம் செங்கண்ணாகவும் மகன்கள் எல்லாம் வெண்கண்ணாகவும் பிறக்கும். மகளுக்குத் தந்தையிடமிருந்து ஓர் எக்ஸ் குரோமோசோம் வருகிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஒன்றாக, வெண்கண் மகளும் செங்கண் மகனும் பிறந்துவிடுகின்றன. எண்ணிக்கைப் பிழை என்று ஒதுக்கிவிடத் தக்க சிறு விலக்கு. பிரிட்ஜஸ் ஒதுக்கவில்லை. தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் முட்டை உண்டாகும்போது பிரியாமல் ஒட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும் என்று கருதினார். அப்படியானால் அந்த வெண்கண் மகளின் செல்லில் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்க வேண்டும். செங்கண் மகனுக்கு எக்ஸ் ஒன்று மட்டும், ஒய் கிடையாது. நுண்ணோக்கியில் செல்லை வைத்துப் பார்த்தார், சொன்னபடியே இருந்தன. ஜீன்கள் குரோமோசோமில்தான் உள்ளன என்பதற்கு மறுக்க முடியாத சான்று இது. 1916இல் ஜெனடிக்ஸ் என்ற ஆய்விதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தொகுதியின் முதல் பக்கத்திலேயே இக்கட்டுரை இடம்பெற்றது. பிரிட்ஜசின் முனைவர் பட்ட ஆய்வே அது. ஆண் பெண் என்பது எக்ஸ் குரோமோசோம்களுக்கும் ஏனைய குரோமோசோம்களுக்கும் உள்ள விகிதத்தால் ஈயில் தீர்மானிக்கப்படுகிறது என்று 1921இல் அவர் கண்டதும் இதன் தொடர்ச்சியே.

இனி நான் சொல்ல வந்த ஈ. 1915ஆம் ஆண்டு பிரிட்ஜஸ் தம் குப்பிகளில் விசித்திரமான ஓர் ஈயைப் பார்த்தார். ஈயின் மார்புப் பகுதி மூன்று கண்டங்கள் கொண்டது. மூன்றிலும் கால்கள் உண்டு. இரண்டாவதில் மட்டும் சிறகு உண்டு. மூன்றாவதில் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போலக் காம்பும் தலையுமாக ஓர் உறுப்பு இருக்கிறது. ஹால்டியர் என்பார்கள். பறக்கும்போது சிறகோடு சேர்ந்து அதிர்ந்து, ஈ தடுமாறாமல் காப்பது அது. பிரிட்ஜஸ் கண்ட ஈயில் அந்தக் குண்டூசித் தலை வீங்கிச் சிறகின் சாயலைப் பெற்றிருந்தது. மூன்றாம் கண்டத்தின் முன்பகுதி, இரண்டாம் கண்டம் போலவே ஆகத் தொடங்கியிருந்தது. இரட்டை மார்பு என்று பொருள்படும்படி பைதோராக்ஸ் எனப் பெயரிட்டார்.

வெண்கண், வளைந்த சிறகு, குட்டை மயிர் என்று எத்தனையோ மாற்றங்களை ஈ அறை கண்டிருந்தது. அவற்றில் ஓர் உறுப்பு கெட்டுப்போகும், அல்லது நிறம் மாறும். இங்கே எதுவும் கெடவில்லை. ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பு, செம்மையாக, தவறான இடத்தில் உருவாகிறது. இவ்வகை மாறாட்டத்துக்கு 1894இலேயே வில்லியம் பேட்சன் ஹோமியோசிஸ் என்று பெயர் சூட்டியிருந்தார். அது பரம்பரையாக இறங்குவது என்பதும், குரோமோசோமில் குறித்த ஓரிடத்தைச் சார்ந்தது என்பதும் பிரிட்ஜசின் ஈயால் விளங்கிற்று.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பு, அடுத்து வளவு, அடுத்து இரண்டாங்கட்டு, அதன்பின் அடுப்படி என்று வரிசை மாறாமல் போகும். கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் எல்லாக் கட்டுக்கும் பொதுதான். கொத்தனார்களும் அவர்களே. ஆனால் இந்த இடம் வளவு, இந்த இடம் இரண்டாங்கட்டு என்று சொல்லும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு செங்கல்லையும் தொடுவதில்லை. அவர் ஒரு நாள் வராமற்போய், மூன்றாவதாக வர வேண்டிய கட்டில் கொத்தனார்கள் மீண்டும் ஒரு வளவையே எழுப்பிவிட்டால் எப்படியிருக்கும்? தூண்களில் குறையிராது, பூவேலையில் குறையிராது. வீட்டில் இரண்டு வளவு இருக்கும். பைதோராக்ஸ் ஈ அத்தகைய வீடு. அதில் குறைபட்டது மேஸ்திரி வேலை பார்க்கும் ஜீன். பிற ஜீன்களைக் கட்டி ஆளும் இவ்வகையை இன்று ஒழுங்குபடுத்தும் ஜீன் என்கிறோம்.

1915இல் இந்த விளக்கம் யாருக்கும் தெரியாது. பிரிட்ஜசுக்கும் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான்: அந்த ஈயைத் தனிக் குப்பியில் போட்டு, இனம் அழியாமல் வளர்த்தார். மார்கனும் அவரும் 1923இல் வெளியிட்ட மூன்றாம் குரோமோசோம் பற்றிய பெருநூலில் அதன் இடத்தைக் குறித்து வைத்தார்.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஹார்லிக்ஸ் குப்பியில் கனிந்த வாழைப்பழமும் ரவையும் போட்டு ஈ வளர்த்தேன். ஈதர் நனைத்த பஞ்சால் மயக்கி, அடிவயிற்று நுனி கறுத்தவை ஆண், மற்றவை பெண் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஈக்களை வேறு குப்பிக்கு மாற்றி மயக்குவதுதான் முறை. சோம்பல்பட்டு, முட்டையிட்டுக்கொண்டிருந்த குப்பியிலேயே ஈதர் பஞ்சை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வெளிவந்த குஞ்சு ஈக்களில் ஒன்றுக்கு, சிறகின் பின்னால் இலைத் துணுக்குப் போல ஏதோ இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. லென்சில் இரண்டு முறை பார்த்தேன். பேராசிரியர் நான்கடி தொலைவில்தான் நின்றார். கேட்டால், நசுங்கிய ஈயைக் கொண்டுவந்து காட்டுகிறாயே என்று மற்றவர்கள் சிரிப்பார்களோ என எண்ணினேன். ஈயைச் சாராயக் கிண்ணத்தில் தட்டிவிட்டு, பதிவேட்டில் பெண் என்ற கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டேன். அதன்பின் சில வாரங்களில்தான் பேராசிரியர் எனக்குப் பிரிட்ஜசின் கதையைச் சொன்னார். ஈயைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பிரிட்ஜசின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர் பேராசிரியர் பதவி எதையும் வகித்ததில்லை. கார்னகி நிறுவனத்தின் ஆய்வு ஊதியத்திலேயே வாழ்நாளைக் கழித்தார். 1928இல் மார்கன் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குப் பசடீனா சென்றபோது உடன் சென்றார். 1912இலேயே மணம் புரிந்திருந்தார். இல்லறம் நெடுநாள் இசைவாக நடக்கவில்லை. குற்றம் அவருடையதே என்று எழுதுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. நோபல் பரிசு கிடைத்தபோது மார்கன், பரிசுப் பணத்தைத் தம் பிள்ளைகளுக்கும் பிரிட்ஜஸ், ஸ்டர்டெவன்ட் இருவரின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தார். பரிசு ஒருவர் பெயரில் வந்தாலும் உழைப்பு யாருடையது என்பதை அவர் அறிந்திருந்தார். கைவேலையில் அடங்காத ஆர்வமுள்ள பிரிட்ஜஸ், மூன்று சக்கரங்கள் கொண்ட மோட்டார் வண்டி ஒன்றைத் தாமே வடிவமைத்து ஓட்டினார். உலகெங்கும் ஈ வளர்ப்போர் தங்கள் இருப்பையும் செய்தியையும் விலையின்றிப் பகிர்ந்துகொள்ள, டெமரெக் என்பவரோடு சேர்ந்து 1934இல் ஒரு செய்தியேட்டையும் தொடங்கினார்.

அவருடைய கண்ணுக்கு முழு வேலை கிடைத்தது அதே காலத்தில்தான். ஈயின் புழுப் பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் உள்ள குரோமோசோம்கள் மிகப் பெரியவை, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் கொண்டவை என்பது 1933இல் டெக்சாசில் பெயின்டர் முதலியோர் ஆய்வால் தெளிவாயிற்று. பிரிட்ஜஸ் ஒவ்வொரு பட்டையாக வரைந்தார். நான்கு குரோமோசோம்களையும் 102 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஆறு எழுத்துகளால் பிரித்து, 1935இல் வரைபடம் வெளியிட்டார். தெரு, கதவு எண் போல எந்த ஜீனுக்கும் ஒரு முகவரி. அதற்குமேல் நுணுக்கமாக எவரும் வரைய முடியாது என்று மற்றவர்கள் நினைத்தபோது, தாமே 1938இல் எக்ஸ் குரோமோசோமை இன்னும் நுணுக்கமாகத் திருத்தி வரைந்தார். அடுத்தடுத்து ஒன்றுபோல் இருக்கும் பட்டைகளையும் கவனித்தார். ஒரு ஜீன் இரண்டாகப் பெருகி, ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று புது வேலைக்குப் பழகிக்கொள்ளலாம், புதிய ஜீன்கள் இப்படியும் தோன்றலாம் என்ற எண்ணம் அவருக்கு அதில் உதித்தது. 1936இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

மற்றக் குரோமோசோம்களைத் திருத்தி முடிக்குமுன் இதய நோய் அவரைக் கொண்டுபோயிற்று. 1938 டிசம்பர் 27ஆம் நாள் லாஸ் ஏஞ்சலசில் காலமானார். 50 வயது நிறைய 15 நாள் இருந்தது. எஞ்சிய வரைபடங்களைத் திருத்தும் பணியைச் செய்தவர் அவர் மகன் பிலிப். தந்தை தொகுத்து வந்த சடுதி மாற்றங்களின் பட்டியல், கேதரின் பிரெமி என்பவர் முடித்துத் தர, 1944இல் நூலாயிற்று.

அடுத்த ஆண்டு, 1939இல், எட்வர்டு லூயிஸ் என்ற இளைஞர் ஸ்டர்டெவன்டிடம் ஆய்வு மாணவராகப் பசடீனாவுக்கு வந்தார். பிரிட்ஜசின் இரட்டைப் பட்டைக் கருத்தைச் சோதிக்க ஏற்ற இடம் தேடிய அவருக்குக் கிடைத்தது, குப்பியில் காத்திருந்த பைதோராக்ஸ். நான்கு பத்தாண்டுகள் அந்த ஒரே இடத்தைத் துருவினார். சில மாற்றங்களை ஒன்றுசேர்த்து, ஹால்டியர் முழுவதும் சிறகாகிய நான்கு சிறகு ஈயை உண்டாக்கினார். உடலில் கண்டங்கள் முன்னிருந்து பின்னாக எந்த வரிசையில் உள்ளனவோ, அவற்றை ஆளும் ஜீன் பகுதிகளும் குரோமோசோமில் அதே வரிசையில் அமைந்திருப்பதைக் கண்டு 1978இல் வெளியிட்டார். 1995இல் நுஸ்லைன் ஃபோல்ஹார்டு, வீஷாஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1915இலிருந்து 1978 வரை 63 ஆண்டுகள். மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும் ஆயிரம் தலைமுறைக்கு மேல் யாரோ ஒருவர் அந்த ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1983இல் ஸ்டான்போர்டில் டேவிட் ஹாக்னஸ் குழுவினர் அந்த இடத்தின் டி.என்.ஏ.வைப் பிரித்து ஆராய்ந்தனர். பைதோராக்ஸ் முதலிய பழைய மாற்றங்கள், வேறெங்கிருந்தோ தாவிவந்த டி.என்.ஏ. துண்டுகள் அங்கே செருகிக்கொண்டதால் நேர்ந்தவை என்று தெரிந்தது. அங்குள்ள முதன்மை ஜீனுக்கு அல்ட்ராபைதோராக்ஸ் என்று பெயர். மூன்றாம் மார்புக் கண்டத்தில் சிறகு வளர வேண்டிய ஜீன்களை அடக்கி, ஹால்டியரை உருவாக்கச் செய்வது அதன் புரதமே. எந்தெந்தச் சிறகு ஜீனை அது எவ்வாறு அடக்குகிறது என்பதை நம் நாட்டிலேயே, ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சசிதரா அவர்களின் குழு விரிவாக ஆராய்ந்தது. 1984இல் இன்னொரு வியப்பும் வெளியாயிற்று. இந்த மேஸ்திரி ஜீன்கள் எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள ஒரு சிறு பகுதி, தவளையிலும் எலியிலும் மனிதரிலும் இருக்கிறது. நம்மிடம் அத்தகைய ஹாக்ஸ் ஜீன்கள் 39 உள்ளன. அவற்றுள் ஒன்று பிறழ்ந்தால், விரல்கள் ஒட்டியும் கூடுதலாகவும் பிறக்கின்றன என்று 1996இல் கண்டறிந்தார்கள். பைதோராக்ஸ் இடத்துக்கு முகவரி மூன்றாம் குரோமோசோமில் 89 ஈ. அந்த எண்ணும் எழுத்தும் பிரிட்ஜஸ் இட்டவை. இன்றைய கணினித் தொகுப்புகளிலும் மாறாமல் இருக்கின்றன.

நான் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தபோது, வாடிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞரின் ஆய்வைப் பற்றி ஒரு நூலில் படித்தேன். இட்டுச் சில மணி நேரமே ஆன ஈ முட்டைகளை ஈதர் ஆவியில் வைத்தால், ஜீன் எதுவும் மாறாமலே சில ஈக்களில் ஹால்டியர் சிறகாகிவிடுமாம். 1956இல் அவர் வெளியிட்டது. படித்துக்கொண்டிருந்தவன் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஹார்லிக்ஸ் குப்பியும் ஈதர் பஞ்சும் இரு பக்கமும் நீட்டிய இலைத் துணுக்கும் கண்முன் நின்றன. அது பைதோராக்ஸ் வடிவம்தானா, வெறும் நசுங்கிய சிறகா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அந்த நூலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. நான் படிக்கப் படிக்கக் கேட்டவர், அந்த ஈயின் ஹால்டியர் எத்தனை நீளம் இருந்தது, அதில் நரம்பு தெரிந்ததா, மயிர் வரிசை இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதற்கும் என்னிடம் விடை இல்லை.